அவ தொட்டா ஓடாது

சாவிக்குப் பேட்டரி மாத்தும்போது வெறும் விரலால தொடாதீங்க, மாப்பிள்ளை. கைப் பிசுக்கு பட்டா ஆயுசு குறையும். துணியால பிடிச்சு வைக்கணும். ஊர்ல பாதி பேருக்கு இதுகூடத் தெரியாது. அதனாலதான் என் கார் சாவிக் கடை ஓடுது.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். என் பொண்ணு பக்கத்தில இல்லாத நேரமாப் பார்த்துக் கேட்டீங்க, அந்த நாகரிகம் எனக்குப் பிடிச்சிருக்கு. அவ கார் சாவியைப் போன வாரம் வேற கடையில காட்டினீங்களாம். சாவியில பழுதே இல்லை, கார்ல இருந்த அதோட பதிவை யாரோ வேணும்னே அழிச்சிருக்காங்கன்னு அந்த ஆள் சொன்னாராம். கெட்டிக்காரர்தான்.

காருக்கும் ஞாபகசக்தி உண்டு, மாப்பிள்ளை. எந்தெந்தச் சாவி தன்னோடதுன்னு அது மனசில வச்சுக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே என் கருவியைச் சொருகினா, புதுச் சாவியைச் சேர்க்கலாம், பழசைத் தூக்கிடலாம். தொலைஞ்ச சாவியை எவனாவது எடுத்து வந்து காரைக் கிளப்பிடக் கூடாதுல்ல? எல்லாம் பாதுகாப்புக்குத்தான்.

முதல் தடவை சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. இவ கட்டட வரைபடம் போடுறவளா, வெளியூர்ல பெரிய கம்பெனியில நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. பேன்ட் பையிலேயே சாவியை விட்டு வாஷிங் மெஷின்ல போட்டுட்டா. சாவி பளபளன்னு வெளுத்து வந்துச்சு, உயிர்தான் இல்லை. அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கடையில உட்கார்ந்திருந்தா. பக்கத்து டயர் கடைக்காரர் சீட்டுக்கட்டோட வந்தார். மூணு பேரும் கல்லாப் பெட்டி மேலேயே விரிச்சு ஆடினோம். அவர் பண்ணின தில்லுமுல்லைக் கண்டுபிடிச்சு இவ சிரிச்சா பாருங்க, விக்கலே வந்துடுச்சு. இவ அப்பா எங்களைப் பிரிஞ்சு தங்கச்சி வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அந்தச் சுவர்கள் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

ரெண்டாவது நேர்காணல் அன்னிக்கு நான்தான் காரோட ஞாபகத்திலேர்ந்து சாவியைத் தூக்கினேன். ஒரு கொட்டாவி விடுற நேரம்தான் ஆச்சு. அப்புறம் சிநேகிதி கல்யாணம். அப்புறம் மறுபடியும் ஒரு வேலை. ஒவ்வொரு தடவையும் நானே சரிபண்ணிக் கொடுத்தேன். பழுது பார்க்கிறவ வீட்டிலேயே இருக்கிறது எவ்வளவு பெரிய வசதி சொல்லுங்க.

அவதான் பாவம், தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பிச்சா. "ஏம்மா, நான் தொட்டா மட்டும் ஏன் இப்படி ஆகுது?"ன்னு கேட்டா. சில பேர் உடம்பில காந்தம் மாதிரி ஒண்ணு இருக்குமாம்னு சொன்னேன். "எங்கே படிச்சே?"ன்னா. ஞாபகம் இல்லைடின்னேன். அன்னிலேர்ந்து சாவியைக் கைக்குட்டையில சுத்தித்தான் எடுப்பா. டயர் கடைக்காரர் அவளுக்கு 'மின்னல்'னு பேரே வச்சுட்டார். அவளும் சிரிப்பா. விளையாட்டு மாதிரிதான் போச்சு. வேலைக்கு விண்ணப்பம் போடுறதை நிறுத்திட்டா, அவ்வளவுதான்.

அவ அப்பா விஷயத்தையும் கேட்டீங்க. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

மலை மேல ஒரு ஆஸ்பத்திரியில கிடந்தார். அவர் தங்கச்சி காலையில போன் பண்ணினா, அண்ணன் மகளைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார், உடனே அனுப்புங்கன்னு. இவ செருப்பை மாட்டிக்கிட்டு ஓடினா. கார் கிளம்பலை. வாடகைக் கார் கூப்பிடப் போறேன்னா. எதுக்கு வீண் செலவு, நான் இருக்கேன்லன்னு கருவியை எடுத்துட்டு உள்ளே உட்கார்ந்தேன். "இதோ ஆச்சு"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "இதோ ஆயிடுச்சுடி"ன்னேன். அவ வாடகைக் காருக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு விளக்கை எரியவிட்டேன். நம்பிக்கை வந்து போனைக் கீழே வச்சுடுவா. வெயில் ஏறினப்போ அத்தைகிட்டேயிருந்து மறுபடியும் போன் வந்துச்சு. அதுக்கப்புறம் அவசரம் இல்லாமப் போச்சு.

அந்த நிலைமையில இருக்கிறவங்களுக்கு யார் வந்தது, வரலைன்னு தெரியாதும்பாங்க. போயிருந்தா அத்தை வீட்டில நாலு நாள் தங்கச் சொல்லுவா. நாலு பத்தாகும். எனக்குத் தெரியாதா?

"என்னாலதாம்மா. நான் தொட்டதாலதான்"னு என் மடியில விழுந்து அழுதா. தலையைத் தடவிக் கொடுத்தேன். "வேணும்னா பண்ணினே? விடுடா கண்ணு"ன்னேன். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. அன்னிக்கு ராத்திரி சின்னப் பிள்ளையா இருந்தப்போ மாதிரி என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினா.

உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை. அவளை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போய் வேலைக்கு அனுப்பணும்னு சொல்றீங்க, நல்ல மனசு. ஆனா அவளுக்கு வெளியூர் ஒத்துக்காது. சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைஞ்சு போறா. தனக்குத் திறமை இல்லைன்னு நினைக்கிறா. அப்படிப்பட்ட பொண்ணை நான் எப்படித் தனியா விடுவேன்?

மேலே வீட்டில டீ குடிச்சப்போ உங்க சாவியை மேசை மேல வச்சீங்க. பெட்டிகளைக் கட்ட நீங்க ரெண்டு பேரும் உள்ளே போனீங்க. நான் அதை எடுத்துக்கிட்டுக் கீழே இறங்கி, உங்க கார்ல உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டுட்டு வந்தேன்.

அங்கே பாருங்க, கண்ணாடி வழியா. பெட்டியெல்லாம் ஏத்திட்டா. உங்க சீட்டில உட்கார்ந்துட்டா, தானே ஓட்டிப் பார்க்கிறேன்னு ஆசையாக் கேட்டாளே. ஸ்டார்ட் பட்டனை அழுத்துறா. மறுபடியும் அழுத்துறா. இதோ, கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

நீங்க இங்கேயே இருங்க, மாப்பிள்ளை. அவளை எப்படித் தேத்தணும்னு எனக்குத்தான் தெரியும்.