முதலில் பிடுங்கிய ஒயர்

பெங்களூரில், ஹெப்பகோடி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அட்டை.

“நல்லா இருந்த நம்ம சர்வரோட நெட்வொர்க் ஒயரைத்தான்க்கா முதல்ல புடுங்கினேன்,” என்றாள் இளையவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நல்லதையா?”

“அல்சூர் ஆபீஸ் சர்வர்ல இடம் பத்தலைன்னு மேனேஜர் சிஸ்டம் ஃபோல்டரையே அழிச்சிட்டாரு. அங்க யாராலயும் லாகின் பண்ண முடியல. அதுவும் நம்ம ஆபீஸ் சர்வரும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பி அடிக்கும்க்கா. ஒயரை விட்டிருந்தா நம்மதுலயும் அந்த ஃபோல்டர் காலியாயிருக்கும்.”

“அப்புறம்?”

“நம்மகிட்ட இருக்கறதுதான் அசல்னு செட் பண்ணிட்டு, திரும்பச் சொருகினேன். ஃபோல்டர் அங்க போய்ச் சேந்துச்சான்னுதான் தெரியல.”

இளையவளின் செல்போன் அடித்தது. கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“மேனேஜர்தான்க்கா. எல்லாரும் லாகின் ஆயிட்டாங்களாம். இடம் மறுபடி பத்தலையாம், வேற எதை அழிக்கலாம்னு கேக்கறாரு.”