பாம்பும் மீனும் ஏழு கோடும்

— அத்தான், எங்க அக்காவைக் கட்டின மரியாதைக்காகத்தான் பொறுமையா கேக்கறேன். பூசைக்கு உடுப்பு மாத்துற இந்த அறையில, போன வருஷம் என் அலமாரியை நகத்தின சுவத்துல பாம்பு இருக்குன்னு நீங்க புத்தகம் போட்டா, நான் எந்த மூஞ்சியோட பிரசங்கம் வைக்கிறது?

— வெறும் பாம்பா அது? கவனி மச்சான். தன் வாலைத் தானே கவ்வுற பாம்பு. அதுக்குள்ள மீன். கீழ ஏழு கோடு. ஆதிச் சபையில ஞானவாதிகள்னு ஒரு கூட்டம் இருந்துச்சே, அவங்க முத்திரை அப்படியே இருக்கு!

— ரகசிய ஞானம் கெடைச்சவனுக்குத்தான் மீட்பு, மத்தவனெல்லாம் கூளம்னு சொன்ன கூட்டம்தானே? அவங்களை எப்பவோ வெளிய தள்ளி வாசலைச் சாத்தியாச்சு.

— வாசலைச் சாத்தினீங்க, ஜன்னல் வழியா வந்துட்டாங்க. யோவான் நற்செய்தியில ஒளி, இருள்னு இருக்கே, அது யார் பேச்சு?

— வாக்கு மனிதர் ஆனார்னும் அங்கதான் இருக்கு. உடம்பே அழுக்குன்னு மூக்கைப் பொத்தினவங்க அதை எழுதுவாங்களா? அது அவங்களுக்கு வச்ச ஆப்பு அத்தான்.

— கவனி, கவனி. கெடைச்சவரைக்கும் யோவானுக்கு முதல் உரை எழுதினவனே அவங்க ஆளுதான்.

— பக்கத்து வீட்டுக்காரன் நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டா, அது அவன் சட்டையாயிடுமா? கொத்தனாரே, நீங்க இவர் பேச்சைக் கேக்காம, இதுக்கு மேல மாட்டுற கண்ணாடிச் சட்டத்துக்கு அளவெடுங்க.

— எடுத்துக்கிட்டுதான் இருக்கேன் சாமி. தப்பா நினைக்காதீங்க, சார் சுவத்துல இருந்து கையை எடுத்தாருன்னா இன்னும் நல்லா எடுப்பேன்.

— ஏழு கோட்டுக்கு என்ன சொல்ற மச்சான்? ஏழு வானம். ஏழு அதிபதி. ஆன்மா ஒவ்வொரு காவலா தாண்டிப் போகணும்.

— திருமுழுக்கு, திருமணம்னு சபை தர்ற ஏழு அருட்சாதனம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

— ஏழுன்னு எண்ணி முடிக்கவே உங்களுக்கு ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு!

— மெதுவா எண்ணினாலும் சரியா எண்ணினோம். சரி, அந்த மீன்? இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர். கிரேக்கத்துல முதல் எழுத்தெல்லாம் சேர்த்தா மீன். மறைமாவட்டப் பத்திரிகையில நாப்பது பக்கம் எழுதியிருக்கேன், நீங்க படிக்கவே இல்லை.

— படிச்சேன். தூங்கினேன். எழுந்து மறுபடி படிச்சேன். சரி, இந்தச் சுவர் வேர்க்குதே, அதுக்கு அதுல ஒரு வரி உண்டா? என் புத்தகத்துல ஒன்பதாம் அத்தியாயமே அதுதான். வானத்துல இருந்து தவறி விழுந்த சோபியா அழுதா. அவ கண்ணீர்லதான் உலகத்துத் தண்ணியெல்லாம் பிறந்துச்சுன்னு அவங்க ஏட்டுல இருக்கு.

— திருமுழுக்குத் தண்ணி. அவ்வளவுதான். ஜனங்களும் அப்படி நினைச்சுத்தான் கைக்குட்டையில ஒத்தி எடுத்துட்டுப் போறாங்க. மறைமாவட்டத்து ஆயர் மட்டும் உங்க பக்கம் சாய்ஞ்சார்னா, பாம்பைக் கும்பிட விட்ட குத்தத்துக்கு என்னை எங்க மாத்துவாங்களோ!

— உன் பக்கம் சாய்ஞ்சா என் புத்தகம் பொட்டலம் மடிக்கத்தான். நாப்பது வருஷமா என் வகுப்புல தூங்காத ஒரே ஆள் நான்தான் மச்சான். இப்பத்தான் நாலு பேர் நிமிந்து பாக்கறாங்க.

— ஆயருக்கு உங்க புத்தகத்தையும் என் கட்டுரையையும் அனுப்பியாச்சு. போன்ல விழுந்து விழுந்து சிரிச்சாரு. நாலு மணிக்கு வர்றேன், ரெண்டு பேரும் ஜனங்க முன்னால படிங்க, அப்புறம் தீர்ப்புச் சொல்றேன்னாரு. வரட்டும். நம்ம சபையில ரகசியம்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் வெட்டவெளிச்சம்.

— சாமி, தப்பா நினைக்காதீங்க. இந்த இடத்துல துளை போட முடியாது.

— ஏன் கொத்தனாரே? பாம்புக்குப் பயமா?

— தண்ணிக்குப் பயம். உள்ள வால்வு இருக்கு. இது அதோட அடையாளம்தானே.

— எது?

— இந்த வட்டம் வால்வோட சக்கரம் சார். உள்ள இருக்கிறது தண்ணி போற பக்கத்தைக் காட்டுற அம்பு, கொஞ்சம் வளைஞ்சு போச்சு. ஏழு கோடு, ஏழு சுத்து. அத்தனை சுத்தினாத்தான் தண்ணி நிக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால இந்தச் சுவத்தை நான்தான் புதுசா பூசினேன்.

— வட்டத்துக்கு வாய் இருக்கே! வாலைக் கவ்வுதே!

— ஆரம்பிச்ச இடத்தைத் தாண்டிப் பூச்சுக் கரண்டி இழுத்துட்டுப் போயிருக்கு சார்.

— அப்ப அந்த வேர்வை?

— வாஷர் போயிருக்கு.

— ஐயோ, என் ஒன்பதாம் அத்தியாயம்!

— ஒரு வருஷமா இந்தப் பாடு படறோம், நீங்க ஏன் வாயைத் திறக்கல கொத்தனாரே?

— யாரும் கேக்கலையே சாமி. படிச்சவங்க பேசறப்ப குறுக்க வந்தா நல்லாவா இருக்கும்? என் வீட்டுக்காரியும் கைக்குட்டை கொண்டுவந்து ஒத்திட்டுப் போனா. முட்டிவலி குறைஞ்சிடுச்சுங்கறா. நான் எப்படிச் சொல்லுவேன்?

— மச்சான், எனக்கு ஒரு யோசனை தோணுது.

— எனக்கும் அதேதான் தோணுது அத்தான். கொத்தனாரே, இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும்.

— ரகசியமாவா? இப்பத்தானே நம்ம சபையில ரகசியமே கிடையாதுன்னீங்க?

— அது கோட்பாடு. இது குழாய்.

— கவனிங்க கொத்தனாரே. இது எல்லாருக்கும் புரியற விஷயம் இல்லை. தகுதி உள்ளவங்க காதுல மட்டும்தான் போடணும்.

— ஆமா, ஆமா. பாமர ஜனங்க தாங்க மாட்டாங்க. அத்தான், வாழ்க்கையில முதல் தடவையா நீங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன்.

— கையைக் கொடு மச்சான். நீங்களும் வைங்க கொத்தனாரே, கையை மேல வைங்க. சத்தியம்?

— சத்தியம் சார். உயிர் போனாலும் என் வாயில இருந்து வராது.

— வாசல்ல கார் வந்து நிக்குது. ஆயர்தான். முகத்தைத் துடைங்க அத்தான், சிரிங்க. ஏன் கொத்தனாரே முழிக்கிறீங்க?

— இல்ல சாமி, நான் சொல்ல மாட்டேன். ஆனா தப்பா நினைக்காதீங்க, அவர்கிட்ட எப்படி மறைப்பீங்க? நான் பூச்சுதான் பூசினேன். வால்வு இருக்கிற இடம் மறந்துடக்கூடாதுன்னு என் கரண்டியைப் பிடுங்கி, ஈரச் சுவத்துல இதைக் கீறினவரே, அப்ப இங்க பெரிய சாமிக்கு உதவியா எட்டு மாசம் சின்னச் சாமியா இருந்த நம்ம ஆயர்தான்.