‘விடுதலை செய்யப்பட்டுள்ளார்’ என்ற ஒரு வரி

என் பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. இளங்கலை வரலாறு படித்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில், விண்ணப்பதாரர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் பிரிவில் உதவியாளராக வேலை செய்கிறேன். மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைத்தவர்கள் மீது குற்றத் தண்டனையோ நிலுவையில் குற்ற வழக்கோ உண்டா என்று காவல் துறையிடம் கேட்டு, வரும் பதிலைப் படித்து, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று குறித்துத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவது எங்கள் வேலை. இந்தப் பிரிவில் நானும் கண்காணிப்பாளரும் மட்டுமே இருக்கிறோம். நேற்று அவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, நீதிமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த வேளையில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு குளித்துவிட்டு வந்து மறுபடியும் அழைத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. காரணம், முந்தைய நாள் ஒரு மாணவியைப் பற்றி வந்த அறிக்கையில் இருந்த ஒரு வரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வாடகை வீட்டின் பூட்டை உடைத்ததாக வீட்டு உரிமையாளர் கொடுத்த புகாரில் அந்த மாணவி மீதும் அவர் தாயார் மீதும் வழக்குப் பதிவாகியிருந்தது. ‘மேற்படி வழக்கில் மேற்படி நபர் விடுதலை செய்யப்பட்டுள்ளார்’ என்று அறிக்கை முடிந்திருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

அந்த வரியைக் கண்காணிப்பாளர் பென்சிலால் அடிக்கோடிட்டு என்னிடம் காட்டினார். “உள்ள இருந்தாத்தானேம்மா விடுதலை? வீட்ல உக்காந்திருக்கிறவளை யாரு விடுதலை பண்றது?” என்று கேட்டார். குற்றம் நிரூபிக்கப்படாமல் விட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். “எழுதுவாங்களா, எழுதியிருக்காங்களா?” என்றார். தண்டனை முடிந்து வெளியே வருகிறவரையும் செய்தித்தாளில் விடுதலையானார் என்றுதான் போடுகிறார்கள். வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். அதில் இரண்டு பொருளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

கண்காணிப்பாளர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் ஒருவர் மீது அடிதடி வழக்கு இருந்தது பிறகு தெரியவந்து, எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று இவர்மீது விசாரணை நடந்தது. அது முடிகிறவரை அவர் மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டார். அதிலிருந்து ஐயம் வந்தாலே ‘உண்டு’ என்று எழுதிவிடுவது அவர் வழக்கம். ‘உண்டு’ என்று போனால் தேர்வுக் குழு காரணம் கேட்பதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடும்.

நேற்று முற்பகல், அறிக்கையில் ஐயம் எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அந்த மாணவியும் அவர் தாயாரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாயார் துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார் என்பதைக் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையிலிருந்து தெரிந்துகொண்டேன். கடையிலிருந்து அனுமதி வாங்கி நேராக வந்திருக்கிறார். கண்காணிப்பாளர் அவர்களை உட்காரச் சொல்லாமல் அந்த வரியைப் படித்துக் காட்டினார். நான் ஒரு நாற்காலியை நகர்த்தினேன். தாயார் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நாங்க உள்ளயே போகலை சார், வெளிய வர்றதுக்கு. நிரபராதின்னு சொல்லித்தான் அனுப்பினாங்க” என்றார். தீர்ப்பின் நகலைக் கேட்டதற்கு, மனுப் போட்டிருப்பதாகவும் இன்னும் கைக்கு வரவில்லை என்றும் சொன்னார். “வரட்டும், பாப்போம்” என்றார் கண்காணிப்பாளர். “நாளைக்குப் பட்டியல் மூடிடும்னு வாசல்ல ஒட்டியிருக்கே சார், அதுக்கப்புறம் வந்து என்னத்தைப் பாக்கிறது?” என்று மாணவி கேட்டார். “வாயை மூடுடி” என்று தாயார் அதட்டிவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க சார், இவங்க அப்பா வாய் அப்படியே இவளுக்கு. அவர் போய்ட்டாரு, வாயை மட்டும் விட்டுட்டுப் போய்ட்டாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு மாணவி, அறிக்கையின் அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பினால் அவர் உடனே விளக்கம் எழுதித் தருவார் என்றும், அதற்கு மட்டும் அனுமதிக்கவேண்டும் என்றும் கேட்டார். அது இரகசியக் கோப்பு என்று கண்காணிப்பாளர் மறுத்தார். “என்னைப் பத்தின இரகசியம் எனக்கே இரகசியமா?” என்று கேட்டபடி மாணவி மேஜைமேல் இருந்த கோப்பை எடுத்தார். கண்காணிப்பாளர் எழுந்து அதன் மறுமுனையைப் பற்றினார். இருவரும் மேஜைக்கு இரு பக்கமும் நின்று இழுத்தார்கள். மாணவியின் இரண்டு கைகளும் கோப்பின்மீதுதான் இருந்தன. இதை நான் உறுதியாகச் சொல்லமுடியும். ஏனென்றால் கோப்பு கிழிந்துவிடுமோ என்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்கள் வெளுத்திருந்தன. அப்போது நான், “விடும்மா, விட்டுரு” என்றேன். மாணவி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

கண்காணிப்பாளர் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்ததால் பின்னால் சாய்ந்தார். அவருடையது சக்கரம் வைத்த நாற்காலி. அது கால் பட்டு உருண்டுவிட, பிடிமானம் இல்லாமல் விழுந்து, இரும்பு அலமாரியின் கைப்பிடியில் பின்தலை மோதியது. இரத்தம் வந்தது. அவரை யாரும் தள்ளவில்லை.

அதன் பிறகு மாணவி மேஜையைச் சுற்றி ஓடிவந்து, தரையில் முழங்காலிட்டு, தன் துப்பட்டாவை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். “தொடாதே” என்றார் கண்காணிப்பாளர். “தொடலை சார், அமுக்கிப் பிடிச்சிருக்கேன். தலையை ஆட்டாதீங்க” என்றார் மாணவி. கையை எடுக்கவில்லை. தாயார் சிதறிய தாள்களைப் பொறுக்கி வரிசை தெரியாமல் அடுக்கினார். பிறகு, கழன்று கிடந்த கண்காணிப்பாளரின் செருப்பை எடுத்து அவர் காலருகே சரியாக வைத்தார். நான் மருத்துவமனைப் பிரிவுக்குத் தொலைபேசி செய்தேன். ஆட்கள் வந்து அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள்.

நேற்று மாலை கண்காணிப்பாளர் என் கைப்பேசிக்கு அழைத்து, புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார். “தள்ளினாள்னு மட்டும் சொல்லுங்கம்மா. பாத்தது நீங்க ஒருத்தர்தான். அவங்க அம்மா சொல்றது எடுபடாது” என்றார். தள்ளவில்லை என்றேன். “கையை விட்டாள்ல? விட்டதாலதானே விழுந்தேன்?” என்றார். விடச் சொன்னது நான்தான் என்றேன். “அதை எதுக்கு இப்ப நடுவுல இழுக்கறீங்க?” என்றார். தான் திரும்பி வருகிறவரை அந்த மாணவியின் கோப்பு என் மேஜையிலேயே இருக்கட்டும், எங்கும் அனுப்பவேண்டாம் என்றும் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தையல் வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார்.

அதன் பிறகு வீட்டில் என்னால் ஓர் இடத்தில் இருக்கமுடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடினேன். கழுவிய தட்டுகளைத் திரும்பக் கழுவினேன். “உனக்கு எதுக்கு ஊர் வம்பு? நான் பாக்கலை, திரும்பி நின்னேன்னு சொல்லிட்டு வா” என்று என் கணவர் சொன்னார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். திரும்பி நின்றிருக்கக்கூடாதா என்று நானும் சிறிது நேரம் யோசித்தேன். முடிந்துபோன ஒரு வழக்கை வைத்து அந்தப் பெண்ணை நாங்கள் சந்தேகப்பட்டோம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வந்த இடத்தில் அவருக்கு உண்மையாகவே ஒரு வழக்கு உண்டாகப்போகிறது. நான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும். இதை எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் இங்கேயே வந்து நின்றது.

இன்று காலை தொலைபேசியை நம்பாமல் நீதிமன்றத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த எழுத்தர் பதிவைப் பார்த்து, குற்றம் நிரூபிக்கப்படாததால் இருவரையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு நாள்கூடச் சிறையில் இல்லை என்றார். அதற்கும் சிறையிலிருந்து வருவதற்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன். “ஆமாம்மா, அதுவும் விடுதலைதான், இதுவும் விடுதலைதான். வேற வார்த்தை கண்டுபிடிச்சா எங்களுக்கும் சொல்லுங்க” என்று சிரித்தார். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் இதை ஒரு தாளில் எழுதி அலுவலக முத்திரை வைத்துக் கொடுத்தார். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

புகாரின்மீது இன்னும் வழக்குப் பதிவாகவில்லை, விசாரணை நிலையில் இருக்கிறது என்று இங்கே சொன்னார்கள். ஆகையால் இந்த நிமிடம் அந்த மாணவி மீது தண்டனையும் இல்லை, நிலுவையில் வழக்கும் இல்லை. தேர்வுக் குழு இன்று பிற்பகல் கூடிப் பட்டியலை மூடுகிறது. கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தால் என் ஒருத்தியின் கையெழுத்தே போதும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் அதைப் பயன்படுத்தியதில்லை. இங்கே கையெழுத்திட்டதும் நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை. அலுவலகத்துக்குப் போய், என் மேஜையிலேயே இருக்கவேண்டும் என்று அவர் சொன்ன கோப்பில் ‘இல்லை’ என்று எழுதி, நீதிமன்றத் தாளை இணைத்து, என் கையாலேயே குழுவிடம் கொடுக்கப்போகிறேன். இதைக் கண்காணிப்பாளரிடம் சொல்லவில்லை, அந்தத் தாயாரிடம் சொல்லவில்லை, என் கணவரிடமும் சொல்லவில்லை. இது எழுதவேண்டிய விஷயமா என்று எழுதும் காவலர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

நான் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றே. வாசிக்கக் கேட்டேன், நானும் ஒருமுறை வாசித்தேன். எவரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)