கம்பி வலைமேல் எட்டு அடுக்கு

12 டிசம்பர் 1964, சனிக்கிழமை. தாராவி.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். சுவர்க் காகிதத்தை மேலிருந்து நனைத்துக்கொண்டு வர வேண்டும். நான் கீழிருந்து தொடங்கிவிட்டேன். கீழ்ப்பாதி உரிந்து வந்தது. மேல்பாதி சுவரிலேயே தங்கிவிட்டது.

அறை என்னுடையதன்று. பக்கத்து அறைக்கார சேசுராஜ் அண்ணனுடையது. எங்கள் வரிசையில் கிறிஸ்துமஸுக்கு முன்பு பலகைச் சுவரில் மைதாப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டுவார்கள். அதன்மேல் பூப்போட்ட காகிதம். அண்ணனுக்கு மில்லில் இரவு வேலை என்பதால் போன வருடமும் நான்தான் ஒட்டிக்கொடுத்தேன்.

இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரின் உச்சியில், கம்பி வலை போட்ட காற்றுவழி ஒன்று உண்டு. அண்ணனின் அப்பா சிங்கராயரின் இருமல் அதன் வழியாகத்தான் வரும். மாலை வகுப்பு முடிந்து நான் படிக்க உட்காரும்போதுதான் அவருக்கு இளைப்பு கூடும். நான் இரண்டு முறை பரீட்சையில் தவறியவன். என் மூளை மந்தமோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. காரணம் இருமல்தான் என்று நினைத்தால் ஆறுதலாக இருந்தது. வலையின்மேல் எட்டு அடுக்கு ஒட்டினேன்.

ஜூலை மழையில் ஒருநாள், அப்பாவுக்குக் குளிர்காய, சிகிடி என்னும் கரியடுப்பில் கரி மூட்டிவைத்துக் கதவைச் சாத்தும்படி சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குப் போனார். செய்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் நச்சுவாயு சேரும் என்று ரசாயன வாத்தியார் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அது நினைவுக்கும் வந்தது. சற்று நேரத்தில் சுவரின் உச்சியில் ஊன்றுகோல் இடிக்கும் ஓசை கேட்டது. கணக்கைப் பாதியில் விட்டால் முதலிலிருந்து போட வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஓசை நின்ற பிறகு விடை சரியாக வந்தது.

காலையில் அவர் இறந்துகிடந்தார். இளைப்பு முற்றிவிட்டது என்றார் டாக்டர். காகிதத்தில் கோல் குத்திய துளைகள் இருந்தன. மாலை போட்ட அவர் படத்தை அங்கே மாட்டியவன் நான்.

இன்று படத்தைக் கழற்றிவிட்டு, வலையின்மேல் மட்டும் ஒவ்வொரு தாளாக உரித்தேன். கோல் பட்டு ஆறு அடுக்கு கிழிந்திருந்தது. ஏழாவது கிழியவில்லை. அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தார்.

"ஏல தனசீலா, சுவரு பாதிச் சட்டையக் கழட்டிட்டு நிக்கி. ஒம் படிப்பும் இப்படித்தானா?"

"மேல நல்லா ஒட்டிக்கிட்டு அண்ணே. நாளைக்கு முடிச்சிருதேன்."

"சீக்கிரம் முடிச்சிருல. திங்கக்கிழம ஒம் மைனி கல்யாண்ல அவ அம்மா வீட்டுலேருந்து பிள்ளையத் தூக்கிட்டு வாரா. பச்சப்பிள்ளையில்லா, ராவெல்லாம் சிகிடி வச்சிச் சாம்பிராணி போடணும். அழுதாம்னா லைனே முழிச்சிக்கிடும். தாத்தா தொண்ட அப்படியே இருக்கு." சிரித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ல இப்படி வேர்க்கி?"

புழுக்கம் என்றேன். அவர் போன பிறகும் ஸ்டூலில்தான் நின்றேன். ஏழாவது தாளில் முகத்தை வைத்துப் பார்த்தேன். மூச்சு திரும்பி என் முகத்திலேயே பட்டது.

வலையைத் திறந்துவிடலாமா என்றும் யோசித்தேன். பச்சைக் குழந்தைக்குக் கூதல் ஆகாது. பெரியவருக்கும் குளிருக்குப் பயந்துதான் அடைத்தேன். மார்ச்சில் பரீட்சை.

நாளை, பூசை முடிந்ததும் பசை காய்ச்ச வேண்டும். தண்ணீர் குறைவாக. வலைக்கு மட்டும் பன்னிரண்டு அடுக்கு.