வடக்குக் காற்றடிக்கும் நாளில் பேசிக்கொண்டே நடங்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், பிரிண்டாரா தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவர் எர்ன் ஹாஃப்மன் அவர்களே, மேடையில் என் வலப்பக்கம் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று இந்த மண்டபம் முழுக்க ஸ்கோன் ரொட்டி மணக்கச் செய்த தாய்மார்களே, கோதுமை அறுவடையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் உழவர்களே, நாளை விடியலில் போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாலிப் புதர்க்காட்டுச் சாலையில் கால்நடையாகப் புறப்படவிருக்கும் இளம் எழுத்தாளர்களே, உங்கள் அனைவருக்கும் ஹானோரா டெவ்லினின் வணக்கம்.

கடைசி வரிசையில் தொப்பி அணிந்திருக்கும் ஐயா அதைக் கழற்றிவிடலாம். நன்றி. கருணைச் சகோதரிகளின் கான்வென்டில் படித்தவள் நான். கூரைக்குக் கீழே தொப்பியைக் கண்டால் எனக்கு வாக்கியம் தடுமாறும்.

என்னை எதற்காக அழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். டெவ்லினின் விதவை வருவாள், கணவர் நடந்த சாலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வாள், நாடாவை வெட்டுவாள், தேநீர் குடித்துவிட்டுப் போவாள் என்றுதானே அழைத்தீர்கள்? நாடாவை வெட்டுகிறேன். தேநீரும் குடிக்கிறேன். ஆனால் நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல வரவில்லை. பயப்பட வந்திருக்கிறேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும், ஒலிபெருக்கி வைத்து, உரக்கப் பயப்பட வந்திருக்கிறேன்.

எதற்குப் பயம் என்கிறீர்களா? உங்கள் துண்டுப்பிரசுரத்தைப் படித்தேன். "டெவ்லின் வழியில் நடப்போம். ஒருவருக்கொருவர் குரல் எட்டாத தூரம் விலகி, பேச்சின்றி, தனித்தனியே நடப்போம்" என்று அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். இன்று காலை வானொலியும் கேட்டேன். நாளை அனலாய் வீசும் வடக்குக் காற்று. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தபோது, என் கைத்தடி தானாக நடுங்கியது. கைத்தடிக்கு வயதாகிவிட்டது என்று சிரிக்க வேண்டாம். கைத்தடி புதியது.

என் கணவர் ஆம்புரோஸ் டெவ்லின் நாவல் எழுதினார். அவருடைய நண்பர் கிளெம் பார்ஃபிட் கவிதை எழுதினார். இருவரும் சேர்ந்து எழுதியது கிடையாது, சேர்ந்து நடந்தார்கள். வாகனத்தில் போகிறவனுக்கு ஊர் தெரியும், வழி தெரியாது என்பார் ஆம்புரோஸ். வழி தெரிந்தவனுக்குக் குதிகால் வெடிக்கும் என்பார் கிளெம். கல்யாணமான முதல் கோடையில், அந்த இருவரோடு நானும் நடந்தேன். தேனிலவுக்கு எங்கே போனீர்கள் என்று என் தோழிகள் கேட்டபோது, "செருப்புக் கடிக்கு மருந்து கிடைக்காத இடத்துக்கு" என்றேன்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வழியில் எதை யார் முதலில் பார்த்துச் சொல்கிறாரோ, அது அவருடையது. மற்றவர் அதை எழுதக் கூடாது. ஒடிந்த காற்றாலை ஒன்று, கம்பிவேலியில் தொங்கிய நரித் தோல் ஒன்று, மழை கண்டு பல வருடமான பாலம் ஒன்று, இவற்றுக்கெல்லாம் இரண்டு படித்த மனிதர்கள் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"டே கிளெம், காத்தாலை என்னோடது. நாந்தான் மொதல்ல பார்த்தேன்."

"பார்த்தியா? உன் கண்ணுக்குக் காத்தாலையும் தெரியாது, கழுதையும் தெரியாது. நான் சொன்னப்புறம்தானே திரும்பினே?"

"ஹானோரா, நீயே சொல்லு, யாரு மொதல்ல சொன்னது?"

"நான்தான் மொதல்ல பார்த்தேன். ரெண்டு பேரும் மூடிக்கிட்டு நடங்க."

இந்தச் சண்டை தாளாமல்தான் அவர்கள் விலகி நடக்கத் தொடங்கினார்கள். பகலெல்லாம் பேச்சில்லை. பார்வைக்கு எட்டாத தூரம் முன்னும் பின்னுமாக நடை. அப்படியானால் மாலையில் எப்படிச் சேர்வது? தண்ணீர் இருக்கும் இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவர் தேநீருக்குத் தீ மூட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் அந்தப் புகையைப் பார்த்துச் சாலையை விட்டிறங்கி, புதர்க்காட்டுக்குள் குறுக்கே வந்து சேர வேண்டும். புகை தெரிந்தால் தேநீர். தேநீர் தெரிந்தால் பேச்சு. எளிமையான ஏற்பாடு, இனிமையான ஏற்பாடு. ஆம்புரோஸின் புத்தகத்தில் நீங்கள் படித்து மயங்கிய அந்த மௌன நடை இதுதான்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு நாளைச் சொல்கிறேன்.

அன்று வடக்குக் காற்று. பாலைவனம் முழுவதும் வாயைத் திறந்து ஊதுவது போன்ற காற்று. கிளெமும் நானும் முன்னால் போய், புதர்க்காட்டு ஓரத்திலிருந்த மண்குட்டையைச் சேர்ந்தோம். ஆம்புரோஸ் வெகு பின்னால். புதிய நாவலின் வாக்கியம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டால், அவருடைய கால்கள் மாடு மேய்வது போல்தான் நகரும். கிளெம் சுள்ளி பொறுக்கி அடுக்கி, தீக்குச்சியைக் கையில் எடுத்தார். அப்போது ஒரு பழைய லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஐவி ஹாஃப்மன், பக்கத்துப் பண்ணைக்காரி. நம் தலைவரைப் பெற்ற அம்மா.

"யோவ், அந்தக் குச்சியைப் பையில போடு. இன்னிக்கு வெட்ட வெளியில தீ மூட்டக் கூடாதுன்னு ரேடியோவுல தடை சொல்லிட்டான். தெரியாதா?"

"எங்களுக்கு ஏதும்மா ரேடியோ? நாங்க நடந்து வர்றவங்க."

"நடக்குறவனுக்கு நெருப்பு வேற, கார்ல போறவனுக்கு வேறயா? பச்சத் தண்ணி குடி. செத்துப் போக மாட்டே."

ஐவி போய்விட்டார். கிளெம் குச்சியைப் பையில் போட்டார். சட்டத்தை மதித்தார். சரிதானே? நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்? பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நிழலில்லாத தைல மரத்தடியில் உட்கார்ந்து, ஆம்புரோஸுக்காகக் காத்திருந்தோம்.

முதலில் பறவைகள் பேச்சை நிறுத்தின. அடுத்து, குட்டைக்கு நீர் குடிக்க வந்த கங்காரு ஒன்று குடிக்காமல் நின்று மூக்கைத் தூக்கியது. நானும் அது பார்த்த பக்கம் பார்த்தேன். வடக்கே, புதர்க்காட்டுக்கு அப்பால், மெல்லிய ஒற்றைப் புகை. நூல் போல, நேர்த்தியாக, யாரோ அக்கறையோடு மூட்டியது போல எழுந்தது.

"அங்க யாரோ தடையை மீறி டீ போடுறாங்க போல," என்றேன்.

கிளெம் அந்தப் புகையையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"ஹானோரா, அது நாமதான்னு அவன் நெனச்சுக்குவான்."

தாய்மார்களே, கேளுங்கள். நாங்கள் மூட்டாத காட்டுத்தீயை நோக்கி, நாங்கள் கொதிக்க வைக்காத தேநீரை நோக்கி, என் கணவர் சாலையை விட்டிறங்கி, உதட்டில் ஒரு வாக்கியத்தை முணுமுணுத்தபடி, நேராக நடந்துகொண்டிருந்தார். குடிகாரன் செய்யும் தவறா அது? வழி தெரியாதவன் செய்யும் தவறா? நண்பன் தனக்காகத் தீ மூட்டியிருப்பான் என்று நம்பியவன் செய்யும் தவறு.

கிளெம் எழுந்தார். நானும் எழுந்தேன். "நீ உட்காரு. ஒருவேளை அவன் சாலை வழியாவே வந்துட்டா, இங்க ஆள் இருக்கணும்," என்றார். புதருக்குள் ஓடினார். அந்த நெட்டைக் கால்கள் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காத்திருப்பதைப் பற்றிக் கவிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ, தெரியாது. நூலாக இருந்த புகை கயிறானது. கயிறு திரண்டு தூணானது. தூண் சாய்ந்து கூரையானது. அந்தக் கூரை என் தலைக்கு மேலே வந்தது. சூரியன் செம்பு நாணயம் போலத் தொங்கியது. கருகிய இலைகள், இன்னும் இலை வடிவத்திலேயே, என் பாவாடை மேல் வந்து உட்கார்ந்தன.

லாரி திரும்பி வந்தது.

"ஏறு, பொண்ணே," என்றார் ஐவி.

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு, அக்கா."

"எதுக்குள்ள?"

கையைக் காட்டினேன். ஐவி அந்தப் பக்கம் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் லுத்தரன் சபை. அவர்கள் சாதாரணமாகச் சிலுவை போடுவதில்லை.

"நீ ஏறு. அவங்களை அவங்க பார்த்துக்குவாங்க."

"ஏற மாட்டேன்."

"பிடிவாதம் பிடிச்ச கழுதை. நான் போய் ஆட்டுக்கு வேலி தொறந்து விடணும், நிக்க முடியாது. இந்தா, கம்பளிப் போர்வை. மொத்தத்தையும் குட்டையில நனைச்சு வை. தீ வந்தா ஓடாத, கேக்குதா? தண்ணியில கழுத்து வரைக்கும் இறங்கி, தலைக்கு மேல போர்வையைப் போர்த்திக்க. யாரு ஓடினாலும் நீ ஓடாத."

நனைத்தேன். நனைத்துக்கொண்டே, மனப்பாடமாகத் தெரிந்த ஜெபத்தின் பாதியை மறந்துபோனேன். அப்போதுதான் காற்றில் கிளெமின் குரல் கேட்டது. ஆம்புரோஸ், ஆம்புரோஸ் என்று பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஏன் தெரியுமா? வாக்கியத்துக்குள் இருக்கும்போது என் கணவருக்குத் தன் பேர் காதில் விழாது. சாப்பாட்டு மேசையிலேயே விழாது. அது கிளெமுக்கும் தெரியும். குரல் சட்டென்று நின்றது. அப்புறம் வேறு விதமாகத் தொடங்கியது.

"டெவ்லின்! உன் மூணாவது நாவல் குப்பை! கேக்குதாடா? ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் குப்பை! அந்தப் பாதிரியார் பேசுற பேச்சை எந்தப் பாதிரியாரும் பேச மாட்டான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. காற்று அந்தக் குரலை என் பக்கம் கொண்டுவந்தது. போக வேண்டிய பக்கம் அது போனதா என்று எனக்குத் தெரியவில்லை. தீயின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. சரக்கு ரயில் ஒன்று வருவது போல, தண்டவாளம் இல்லாத இடத்தில் வருவது போல. குரல் அதற்குள் மூழ்கியது. மேலே வந்தது. மூழ்கியது. பிறகு வரவேயில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்துக்கு அளவு கிடையாது.

அப்புறம் புகைக்குள்ளிருந்து இன்னொரு குரல்.

"எந்த அத்தியாயம்னு சொல்லுடா! சும்மா குப்பைன்னா எப்படி? எந்த அத்தியாயம்?"

ஆண்டவர் மோசேயோடு முட்புதரின் நெருப்பிலிருந்து பேசினார். என்னோடு பேசியது ஒரு நாவலாசிரியரின் ரோஷம். இருவரும் புதரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கிளெமின் சட்டை முதுகில் புகைந்துகொண்டிருந்தது. மூவரும் குட்டைக்குள் இறங்கினோம். போர்வையை இழுத்துப் போர்த்தினேன். தீ எங்கள் மேலாகக் கடந்து போனது. கம்பளிக்கு அடியில், சேற்றுத் தண்ணீரில், இருவருடைய கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கை கணவருடையது, எந்தக் கை நண்பருடையது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் விடவில்லை.

வெளியே வந்தபோது உலகம் கறுப்பாக இருந்தது. ஆம்புரோஸ் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். இருமி முடித்ததும் கேட்டார்:

"நிஜமாவே அப்படித்தான் நெனக்கிறியா, அந்த நாவலைப் பத்தி?"

"ஆமா," என்றார் கிளெம்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் அன்று புதருக்குள் அந்தக் குரல் எடுபட்டிருக்காது என்று பிற்பாடு ஆம்புரோஸே சொன்னார். கிளெமின் முதுகுத் தழும்பு கடைசி வரை மறையவில்லை. வடக்குக் காற்றடித்தால் ஆம்புரோஸ் எங்கள் வீட்டு அடுப்பையே பற்றவைக்க விடமாட்டார்.

அப்படியானால் இது ஏன் புத்தகத்தில் இல்லை? அவர்களுடைய சட்டத்தால்தான். "புகையை மொதல்ல புரிஞ்சுக்கிட்டவன் கிளெம், அது அவனோடது," என்றார் ஆம்புரோஸ். "கரையில நின்னவ ஹானோரா, அது அவளோடது," என்றார் கிளெம். நாகரிகம் மிகுந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மௌனம் அச்சேறியது. தீ அச்சேறவில்லை. நீங்கள் மௌனத்தைப் படித்தீர்கள். மௌனத்தை நடக்கப் போகிறீர்கள்.

என்ன சொல்கிறீர்கள், மூன்றாவது வரிசைப் பெண்ணே? எழுந்து நின்று சொல்லுங்கள். கைபேசி இருக்கிறதா? நல்லது. ரயில் பாதையைத் தாண்டினால் அது எடுக்காது. தலைவரைக் கேளுங்கள். பாருங்கள், தலையாட்டுகிறார்.

ஆகவே இளைஞர்களே, நடக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நடங்கள். நடந்து பாருங்கள், பார்த்து எழுதுங்கள், எழுதிச் சண்டை போடுங்கள். ஆனால் நாளை விலகி நடக்காதீர்கள். குரல் எட்டும் தூரத்தில் நடங்கள். வாயைத் திறந்து நடங்கள். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் திருடினால் திருடட்டும். வாக்கியம் போனால் வேறு வாக்கியம் வரும். புகை கண்டால், அது யாருடைய புகை என்று பக்கத்திலிருப்பவரிடம் கேளுங்கள். நட்பு என்பது என்ன? ஒருவரின் எழுத்தை ரசிப்பதா? அது வாசகரின் வேலை. அவர் எந்தப் புகையைத் தவறாக நம்புவார் என்று அறிந்து, அதற்காகப் பயந்து, பயத்தோடு ஓடுவதுதான் நட்பு. பயமில்லாத நண்பன் எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்.

இப்போது எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். நாளை நடக்கப் போகிறவர்கள் எழுந்து நில்லுங்கள். கூச்சப்படாமல். நல்லது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, அவருக்கு எதைப் பேசினால் கோபம் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். ஆம், இப்போதே. நான் காத்திருக்கிறேன்.

இந்த இரைச்சல் போதும். இந்த இரைச்சலைத்தான் நாளை மாலிக் காட்டில் கேட்க விரும்புகிறேன்.

பொறுமையோடு ஒரு கிழவியின் பயத்தைக் கேட்ட தலைவருக்கும், பெரியவர்களுக்கும், ஸ்கோன் ஆறுவதைப் பொருட்படுத்தாமல் நின்ற தாய்மார்களுக்கும் என் நன்றி. நடக்கப் போகும் பிள்ளைகளே, அத்தனை பேரும் திரும்பி வாருங்கள். உங்களுக்கு என் வணக்கம்.