கடலைவிட ஆபத்தான ஆப்

போனிலேயே டார்ச் இருக்கும்போது இன்னொரு டார்ச் ஆப்பைத் தேடி இறக்கிக்கொண்ட அறிவாளி நான். அதிலிருந்து விளக்கைப் போட்டால் வெளிச்சத்துக்கு முன்னால் வரன் பார்க்கும் விளம்பரம் வருகிறது. வீட்டில் மனைவி பார்ப்பதற்குள் அதை எடுத்துவிட, மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு போன் ரிப்பேர் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா ஒருவர், கணவரின் போனைக் கடைக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அலை எவ்ளோ, காத்து எவ்ளோன்னு சொல்ற ஆப்பு நைனா. எங்க குப்பத்துப் பொண்ணு காலேஜ்ல படிச்சிக்கினே செஞ்சி குட்த்துச்சி. ஆபத்துன்னு போனே தூக்கிடுச்சி."

"ஆப் ஸ்டோர்ல இல்லாதத வெளியிலேர்ந்து ஏத்தினா அப்டித்தான்க்கா. ஸ்டோர்ல இருக்கறத எல்லாம் சோதிச்சுதான் வெப்பாங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"இன்னா பாதுகாப்பு? என் தம்பி பைக்க முழுங்கின சூதாட்டம் அந்த ஸ்டோர்லேர்ந்துதானே வந்துச்சி? அத்த உள்ள வெச்சிகினு, அலை சொல்றத ஆபத்துன்றானா? சோதிக்கிறவன ஒரு நாள் எங்க படகுல ஏறச் சொல்லு!"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தடுப்ப எடுத்துட்டு ஏத்தித் தர்றேன். அப்புறம் கண்டது உள்ள பூந்தா என்னைக் கேக்காதீங்க."

"ஏத்து. விடிஞ்சா அவரு கடலுக்குப் போணும்."

ஏற்றியதும் திரை சிவந்தது. நாளை அலை அதிகம், போக வேண்டாம் என்றது.

"இதுக்கு ஆப்பு எதுக்குக்கா? போவாதன்னு நீங்களே சொல்லக்கூடாதா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிக்கினுதான் கீறேன். நான் சொன்னா கேக்கமாட்டாரு. போன் சொன்னா கேப்பாரு."