காட்டுப்பன்றிக்குச் சைடர்

கஷ்கொட்டையோடு சிவப்பு ஒயின் குடிக்கிறவர்களுக்கு நாக்கே கிடையாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு அன்றைக்குப் பிழிந்த இனிப்பு சைடர்தான். சைடர் என்று பேரே தவிர அது வெறும் ஆப்பிள் சாறு, குழந்தைக்குக்கூடக் கொடுப்போம். வெள்ளை பீன்ஸும் மட்டியும் போட்ட குழம்புக்கு, நுரைக்கும்படி உயரத்திலிருந்து ஊற்றிய புளித்த சைடர், அதில் போதை உண்டு. காட்டுப்பன்றிக் கறிக்குக் காங்காஸ் மலைச் சிவப்பு ஒயின். இதெல்லாம் என் புருஷன் ஒனோரினோ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் சைடர் கடையின் இலையுதிர்கால விருந்தில் எதற்கு எது என்று இருபத்திரண்டு வருஷம் அவன்தான் எழுதினான். எங்கள் ஊர் வில்லாவிசியோசாவில் அவன் மூக்கை நம்பாதவர்கள் கிடையாது.

போன வருஷம் நவம்பரில் அவன் குடியை விட்டான். ஈரல் கெட்டுவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடி ஆரம்பித்தால் ஆள் தேறமாட்டார் என்றார். எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

சந்தோஷப்பட்டாயா என்று கேட்கிறீர்கள். முதல் மாதம் பட்டேன். பிறகு வீட்டில் யாரோ ஒரு அந்நியன் நடமாடுவதுபோல் இருந்தது. குடித்த காலத்தில் தினமும் மாலையில் என் எதிரே உட்கார்ந்து ஊரில் ஒருவர் விடாமல் கிண்டல் செய்வான். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். குடியை விட்ட பிறகு வெளிச்சம் இருக்கும்போதே தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டான். செப்டம்பரில் ஒருநாள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ஹிஹோனுக்கு அக்கா வீட்டோட போயிடறேன், எதெல்வினா. இந்த வாசத்துக்குள்ள கெடந்தா நான் பிழைக்கமாட்டேன். கடைய மூடிட்டு நீயும் வா."

"அங்க வந்து நான் என்ன பண்ண? உன் அக்கா வீட்டு ஜன்னல்ல கடலப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"உயிரோட இருக்கலாம்ல," என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விருந்துக்கு மறுநாள் கிளம்புவதாக முடிவு செய்துவிட்டான்.

அக்டோபரில் இனிப்பு சைடர் பிழிந்து, ஒரு ஜாடியை அவனுக்கென்று அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாள் அது சாறுதான். அடுப்புச் சூட்டில் சீக்கிரம் நொதித்துவிடும். எட்டாம் நாள் அதைக் குழந்தைக்குக் கொடுக்கமாட்டோம். அதிலிருந்தே தினமும் மதியம் ஒரு டம்ளர் கொடுத்தேன். அப்போது அவனுக்கு நல்ல சளி, வாசனை தெரியவில்லை. சளி பிடிக்கட்டும் என்று காத்திருந்துதான் பிழிந்தேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இரண்டாவது டம்ளர் கேட்டான். ஆறாம் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது தெரியுமா.

விருந்தன்று தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனை அழைத்துப்போக வந்த அக்கா பெலார்மினா. பீன்ஸ் குழம்பு வரைக்கும் எல்லாம் முறைப்படி வைத்தேன். காட்டுப்பன்றி வந்தபோது வேண்டுமென்றே சைடரை வைத்தேன். வந்தவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். அவனால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"காட்டுப்பன்னிக்குச் சைடரா? கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?"

"நீதான் எழுதித் தரமாட்டேன்னுட்ட. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

எழுந்துபோய் நிலவறையிலிருந்து காங்காஸ் சிவப்பை எடுத்து வந்தான். திறந்தான். கெட்டுப்போன பாட்டிலை விருந்தாளிக்கு ஊற்றும் வழக்கம் அவனுக்கு இல்லை. மற்ற நாளாக இருந்தால் முகர்ந்தே சொல்லிவிடுவான். மூக்கு அடைத்திருந்ததால் நாக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெலார்மினா அவன் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம்டா என்று அழுதாள். ஒரு வாய்தானே என்று கையை உதறினான். நான் அவனைப் பார்த்து, "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தான். அக்காவை வாய்க்கு வந்தபடி பேசி அவனே துரத்தினான். மாலையானால் என் எதிரே உட்கார்ந்தான். சமைத்ததற்குத் தகுந்தபடி நானும் மாற்றி மாற்றி ஊற்றினேன், எதிலும் குறை வைக்கவில்லை. டாக்டரம்மாவின் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. அவன் கண் மஞ்சளான பிறகும் நான் கூப்பிடவில்லை. இருபதாம் நாள் காலை ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்துப்போனான். பெலார்மினா சொன்னதெல்லாம் நிஜம். அவனைக் கொன்றது நான்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். அவனுக்கு என்மேல் பிரியமே இல்லை என்று அவள் புகாரில் எழுதிக்கொடுத்திருக்கிறாளே, அதை. கடைசி மூன்று நாள் அவனுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அப்போதும் என் கையைத்தான் தேடினான். அந்தக் கையில் கிளாஸ் இருந்தது என்பது வேறு விஷயம்.